ஊர்ப்பேச்சுக்கு அகராதி கண்ட ஜோசப் ரைட்

ஆங்கிலம் என்றால் நம் பாடநூலில் அச்சிட்டிருக்கும் ஆங்கிலம் ஒன்றுதான் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதை அட்சரம் பிசகாமல் உச்சரிக்கக் கற்றுவிட்டால் இங்கிலாந்தின் எந்த மூலைக்குப் போனாலும் பேசிச் சமாளித்துவிடலாம் என்பதும் நம் நம்பிக்கை. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வட இங்கிலாந்தின் யார்க்ஷயரில், ஆலைத் தொழிலாளர் வாழும் தெரு ஒன்றில் போய் நின்றிருப்போமானால் திகைத்துத்தான் போயிருப்போம். அங்கே வீட்டை 'ஹவுஸ்' என்று யாரும் சொல்வதில்லை, 'ஆஸ்' என்பார்கள். இரவு அவர்களுக்கு 'நைட்' அன்று, 'நீட்'. தண்ணீர் 'வட்டர்'. நிலக்கரியை 'கோல்' என்னாமல் 'கொயில்' என்பார்கள். துளை அல்லது பொந்து என்னும் பொருள்படும் 'ஹோல்' அவர்கள் வாயில் 'ஒயில்' ஆகிவிடும். ஆகவே நிலக்கரி கொட்டி வைக்கும் இடத்துக்குக் 'கொயில் ஒயில்' என்று பெயர். நம் காதில் அது ஏதோ கோயிலைப் பற்றிய பேச்சு என்றே விழும்!

இவ்வாறு பேசியவர்களைப் பார்த்துப் படித்தவர்கள் சிரித்தார்கள். எழுத்தறிவில்லாத ஏழைகள் நல்ல ஆங்கிலத்தைக் கெடுத்துப் பேசும் கொச்சை அது என்பதே அன்றைய பொதுக் கருத்து. நாமும்தான் என்ன? வகுப்பில் புதிதாக வந்து சேர்ந்த தோழி தன் ஊர்ப்பேச்சில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் நமக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. அந்தச் சிரிப்புக்கு ஆளான ஒரு கூட்டத்தில் பிறந்து, ஏறத்தாழப் பதினைந்து வயது வரை செய்தித்தாளை வாசிக்கவும் தெரியாமல் வளர்ந்து, பின்பு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகி, இங்கிலாந்து முழுவதிலும் வழங்கிய ஊர்ப்பேச்சுச் சொற்களை ஆறு பெருந்தொகுதிகளில் திரட்டி வைத்துப் போனவர் ஒருவர் உண்டு. அவரே ஜோசப் ரைட். அவருடைய வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

1855-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள், யார்க்ஷயரின் மேற்குப் பகுதியில் பிராட்போர்டு நகரத்தை அடுத்த தாக்லி என்னும் சிற்றூரில் ஜோசப் பிறந்தார். தந்தை கம்பளித் துணி நெய்பவர். கல்லுடைக்கும் வேலைக்கும் போவார். அவருடைய வருவாயை நம்பிக் குடும்பம் நடத்த இயலவில்லை. பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பெல்லாம் தாய் சாரா ஆன் அம்மையாரின் தோளில் விழுந்தது. அந்த அம்மையாரும் எழுத்தறியாதவர்தாம். ஆனால் உழைப்புக்கு அஞ்சாதவர். மகன் மீது அளவற்ற நம்பிக்கை கொண்டவர்.

ஆறு வயதில் ஜோசப் வேலைக்குப் போனான். கல்லுடைக்கும் குழியில் தொழிலாளரின் உளிகளும் கடப்பாரைகளும் மழுங்கிப்போகும். அவற்றை ஒரு கழுதை வண்டியில் ஏற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டு போய்க் கூர்தீட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தக் கழுதையை ஓட்டும் பையனாக அவன் அமர்ந்தான். நம் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையைத் தெருமுனைக் கடைக்குத் தனியே அனுப்பவும் யோசிப்போம்!

மறு ஆண்டு, சால்ட்டேர் என்னும் இடத்தில் சர் டைட்டஸ் சால்ட் நடத்திய பெரிய ஆலையில் 'டாபர்' வேலை கிடைத்தது. நூற்கும் இயந்திரத்தில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டுக் காலிப் பாபின்களை மாட்டுவது அந்த வேலை. குனிந்தும் ஓடியும் செய்ய வேண்டிய வேலையாதலால் சிறுவர்களையே அதற்கு வைத்தார்கள். அக்காலச் சட்டப்படி இத்தகைய சிறுவர்கள் பாதி நேரம் ஆலையிலும் பாதி நேரம் பள்ளியிலும் இருக்க வேண்டும். சால்ட் தம் ஆலைச் சிறுவர்களுக்கென்று பள்ளியும் வைத்திருந்தார். ஜோசப் வாழ்நாளில் பயின்ற குழந்தைப் பள்ளி அது ஒன்றே. இயந்திர இரைச்சலில் அலுத்துச் சலித்து வந்து பெஞ்சியில் அமரும் பிள்ளைக்கு எழுத்து எப்படி மண்டையில் ஏறும்? எழுத்துகளின் பெயரும் கொஞ்சம் கணக்கும் தெரிந்த அளவில் அந்தப் படிப்பு முடிந்தது. பிறகு வேறோர் ஆலையில் கம்பளி மயிரைத் தரம் பிரிக்கும் தொழிலுக்குப் போனான். அதில் கூலி சற்று அதிகம்.

1870-ஆம் ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. நண்பகல் உணவு வேளையில், வாசிக்கத் தெரிந்த தொழிலாளர் இருவர் செய்தித்தாளை விரித்து வைத்துப் போர்ச் செய்திகளை உரக்கப் படிப்பார்கள். சுற்றிலும் உட்கார்ந்து மற்றவர்கள் கேட்பார்கள். ஜோசப்பும் கேட்டான். மறுநாள் செய்திக்காக மற்றொருவர் வாயை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை அவனுக்குப் பிடிக்கவில்லை. தானே படித்துவிட வேண்டும் என்று துணிந்தான். வீட்டில் இருந்த நூல்கள் இரண்டு: ஒன்று திருவிவிலியம், மற்றொன்று ஜான் பன்யன் எழுதிய திருப்பயணியின் முன்னேற்றம். அந்த இரண்டையும் எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்தே அவன் படிப்பாளி ஆனான். அதன் பின் இரவுப் பள்ளியில் சேர்ந்தான். பிரெஞ்சு, ஜெர்மன், இலத்தீன், கணிதம், சுருக்கெழுத்து என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கற்றான். பகல் முழுவதும் ஆலை, இரவெல்லாம் விளக்கு.

பதினெட்டு வயதில் அவரே ஆசிரியராகிவிட்டார். (இனி நாமும் மரியாதையுடன் அழைப்பதே முறை.) தாயாரின் சிறு வீட்டிலேயே இரவுப் பள்ளி ஒன்று தொடங்கினார். ஆலைத் தொழிலாளரான இளைஞர்கள் வாரத்துக்கு இரண்டு பென்னி கட்டணம் கொடுத்துப் படித்தார்கள். சேர்ந்த காசைச் செலவழிக்காமல் வைத்தார். 1876-ஆம் ஆண்டு ஆலை சில காலம் மூடப்பட்டது. கையில் நாற்பது பவுன் சேமிப்பு இருந்தது. வேறு ஆலை தேடிப் போகாமல் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தை நோக்கிப் புறப்பட்டார். ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியதும் இரயிலுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகட்டும் என்று ஹைடல்பெர்க் வரை நடந்தே போனார். இருநூற்றைம்பது மைலுக்கும் மேற்பட்ட வழி அது!

யார்க்ஷயர்ப் பேச்சில் 'லேக்' என்று ஒரு சொல் உண்டு. விளையாடுவது என்பது அதன் பொருள். ஆலை மூடிக் கிடந்து தொழிலாளி சும்மா இருக்க நேர்ந்தாலும் அவன் 'லேக்' செய்கிறான் என்பார்கள். வேலையின்மையாகிய துன்பத்தையும் விளையாட்டுச் சொல்லால் சொல்லும் மக்கள் அவர்கள். ஜோசப் ரைட்டின் அந்த 'லேக்' நாட்கள் அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டன.

பணம் தீர்ந்ததும் ஊர் திரும்பிப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1882-இல் மீண்டும் ஹைடல்பெர்க் சென்றார். கணிதம் படிக்கவே போனவர் அவர். ஆனால் அங்கே ஹெர்மன் ஆஸ்தாப் என்னும் பேரறிஞர் மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் கலையைக் கற்பித்து வந்தார். மொழியின் ஒலிகள் காலப்போக்கில் மாறுவது தாறுமாறாக அன்று, ஒழுங்கான விதிகளின்படியே என்பது ஆஸ்தாப்பும் அவருடைய தோழர்களும் நிலைநாட்ட முயன்ற கொள்கை. கணிதத்தில் மனம் பறிகொடுத்திருந்த ரைட்டுக்கு, மொழிக்குள்ளும் கணிதம் போன்ற ஒழுங்கு இருக்கிறது என்பது பெருவியப்பாயிற்று. கணிதத்தை விட்டார். கிரேக்க மொழியின் உயிரெழுத்து மாற்றங்களைப் பற்றி ஆய்வேடு எழுதி 1885-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கழுதை ஓட்டிய பையன் அப்போது முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்து திரும்பிய பின் 1888-இல் ஆக்ஸ்போர்டில் அவருக்கு முதன்முதலாகக் கிடைத்த பணி நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது. பெண்களின் உயர்கல்விக்காக அங்கே ஒரு சங்கம் இயங்கி வந்தது. அதன் மாணவியருக்குச் சொற்பொழிவு ஆற்ற அவரை அமர்த்தினார்கள். ரிக் வேதத்தை அச்சேற்றியதால் நம் நாட்டவர் நன்கறிந்த மாக்ஸ் முல்லர் அவர்கள்தாம் அந்நாளில் அங்கே ஒப்பியல் மொழி நூலின் பேராசிரியர். அவருடைய ஆதரவு ரைட்டுக்குக் கிட்டியது. 1891-இல் அவருக்குத் துணைப் பேராசிரியராகவும், அவர் மறைந்த பின் 1901-இல் பேராசிரியராகவும் ரைட் அமர்ந்தார்.

அந்தப் பதவியில் அமர்ந்த எவரும் பழம்பெரும் மொழிகளை ஆராய்வதே பெருமை என்று இருந்திருப்பார்கள். ரைட்டும் பழைய ஜெர்மன், காத்திக் ஆகியவற்றுக்கு நல்ல பாடநூல்கள் எழுதியவரே. ஆயினும் 1892-இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூலைத்தான் நாம் சிறப்பாக எண்ண வேண்டும். தாம் வளர்ந்த விண்ட்ஹில் என்னும் ஆலையூரின் பேச்சுமொழிக்கு அவர் முறையான இலக்கணம் எழுதினார். பண்டிதர்கள் கொச்சை என்று ஒதுக்கிய பேச்சு, கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் கிடைத்த அதே மரியாதையுடன் இலக்கண நூலில் ஏறியது. ஊர்ப்பேச்சைப் பற்றி எழுதிய மற்றவர்கள் வெளியிலிருந்து கேட்டு எழுதினார்கள். இவரோ தம் தாய் பேசியதையும் தாம் பேசியதையும் எழுதினார்.

அந்த இலக்கணம் காட்டிய உண்மை ஒன்றைச் சற்று நின்று பார்ப்போம். பாடநூல் ஆங்கிலத்தில் நிலக்கரி 'கோல்', துளை 'ஹோல்', கல் 'ஸ்டோன்', எலும்பு 'போன்'. நான்கிலும் ஒரே 'ஓ' ஒலிதான். விண்ட்ஹில்காரரோ முதல் இரண்டையும் 'கொயில்', 'ஒயில்' என்பார். பின் இரண்டையும் 'ஸ்டூவன்', 'பூவன்' என்பார். (தமிழ் எழுத்தில் ஏறக்குறைய இப்படித்தான் எழுதிக் காட்ட முடியும்.) கேட்பவருக்கு இது வாய்க்கு வந்தபடி பேசுவதாகத் தோன்றும். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தைப் பாருங்கள். அதில் நிலக்கரியும் துளையும் 'கொல்', 'ஹொல்' என்று குறில் ஒகரம் பெற்றவை. கல்லும் எலும்பும் 'ஸ்டான்', 'பான்' என்று நெடில் ஆகாரம் பெற்றவை. இரண்டும் இருவேறு ஒலிகள். படித்தவர்களின் ஆங்கிலம் அந்த வேற்றுமையைத் தொலைத்துவிட்டது. ஆலைத் தொழிலாளியின் நாக்கு அதை மறவாமல் காத்து வந்திருக்கிறது!

இறைச்சியைக் குறிக்கும் சொல்லையும் சந்திப்பதைக் குறிக்கும் சொல்லையும் நாம் வேறுவேறாக எழுதி 'மீட்' என்று ஒரே மாதிரி படிக்கிறோம். எழுத்துத் தேர்வில் இடமாற்றி எழுதித் திட்டும் வாங்குகிறோம். விண்ட்ஹில் பிள்ளைக்கு அந்தக் குழப்பமே இல்லை. இறைச்சி 'மெய்ட்', சந்திப்பது 'மீட்'. பேசுவது 'ஸ்பெய்க்', உண்பது 'எய்ட்'. இவையும் பழைய ஒலி வேற்றுமையின் எச்சங்களே.

சொற்களிலும் இப்படியே. ஒன்றுமில்லை என்பதற்கு 'நௌட்', ஏதேனும் என்பதற்கு 'ஔட்' என்று அவர்கள் சொல்வது பழைய ஆங்கிலத்திலிருந்து நேரே வழிவழியாக வந்தது. அவள் என்பதற்கு ரைட்டின் ஊரில் 'ஷூ' என்பார்கள். மலையைத் தாண்டி லங்காஷயருக்குப் போனால் 'ஹூ' என்பார்கள். இந்த இரண்டாவது, ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள 'ஹேயோ' என்னும் சொல்லின் வாரிசு. சம்பாதிப்பதற்கு 'அடில்', ஓடைக்கு 'பெக்', வீடு மாறிப் போவதற்கு 'ஃபிளிட்', விளையாட்டுக்கு மேலே சொன்ன 'லேக்' ஆகிய சொற்கள் எங்கிருந்து வந்தவை? கி.பி. 866-இல் கடல் கடந்து வந்து யார்க் நகரைப் பிடித்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தவை. அவர்களுடைய ஆட்சி போய் நெடுங்காலமாயிற்று. சொற்கள் மட்டும் சமையற்கட்டிலும் ஆலையிலும் தங்கிவிட்டன. யார்க்ஷயர் நகரங்களில் தெருப்பெயர்கள் பல 'கேட்' என்று முடியும். அது வாயிற்கதவைக் குறிப்பதன்று. அதே நார்ஸ் மொழியில் தெரு என்று பொருள்.

இந்தச் செல்வம் அழிந்துகொண்டிருந்தது. 1870-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தது. 1880 முதல் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கட்டாயமாயிற்று. பள்ளிகளில் ஊர்ப்பேச்சைத் திருத்தினார்கள். இரயில் வண்டிகள் ஊர்களைக் கலந்துவிட்டன. கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர் பார்ஸ்டர், ரைட்டின் ஊரை அடுத்த பிராட்போர்டின் பாராளுமன்ற உறுப்பினர் என்பது ஒரு விந்தை. எழுத்தறிவின் அருமை ரைட்டை விட யாருக்குத் தெரியும்? பள்ளி வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். ஆனால் பள்ளிக்கூடம் போன பேரப்பிள்ளை பாட்டியின் சொல்லைக் கேட்டு வெட்கப்படத் தொடங்கினால், பாட்டியுடன் அந்தச் சொல்லும் கல்லறைக்குப் போய்விடும் என்பதையும் அவர் கண்டார்.

இதை முன்பே உணர்ந்த வேறொரு பேரறிஞர் இருந்தார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்கீட் அவர்கள் 1873-இல் ஆங்கில வட்டார வழக்குச் சங்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் சொற்பட்டியல்களை அச்சிட்டு வந்தார். அவற்றையெல்லாம் ஒன்றாக்கிப் பேரகராதி செய்ய ஓர் ஆள் வேண்டும் என்று நாடெங்கும் தேடினார். அந்த ஆளாக ரைட் கிடைத்தார். சங்கம் திரட்டியிருந்த தாள்களும் சீட்டுகளும் அவரிடம் வந்து சேர்ந்தபோது எடை ஏறத்தாழ ஒரு டன்!

அது போதாது என்று கண்ட ரைட் மேலும் திரட்டத் தொடங்கினார். நாடெங்கும் நூற்றுக்கணக்கான ஆர்வலர்களுக்கு எழுதினார். குருமார்கள், ஆசிரியர்கள், மருத்துவர்கள், குடும்பப் பெண்கள் எனப் பலரும் தங்கள் ஊர்ச் சொல்லை எழுதி அனுப்பினார்கள். யார்க்ஷயரில் இதற்கென்று கூடிய குழுவே பின்னர் 1897-இல் யார்க்ஷயர் வட்டார வழக்குச் சங்கமாக மலர்ந்தது.

அச்சிடுவதற்குப் பணம் வேண்டுமே. விற்பனையாகுமா என்று ஐயுற்ற பதிப்பாளர்கள் பின்வாங்கினார்கள். ரைட் தயங்கவில்லை. தம் பொறுப்பிலேயே வெளியிடுவதென்று முடிவு செய்தார். தம் சேமிப்பைப் போட்டார். சந்தாதாரர்களைச் சேர்ப்பதற்காக ஆயிரக்கணக்கில் கடிதங்கள் எழுதினார். பல்கலைக்கழக அச்சகம் வேலை செய்ய ஓர் இடம் கொடுத்தது. 1896-இல் முதற்பகுதி வெளிவந்தது. 1898-இல் முதல் தொகுதி முடிந்தது. 1905-இல் ஆறாம் தொகுதியும் அதனுடன் ஆங்கில வட்டார வழக்கு இலக்கணமும் நிறைவுற்றன. இத்தகைய பேரகராதிகள் தொடங்கியவர் காலத்தில் முடிவதே அரிது. இது தொடங்கிய கையாலேயே முடிந்தது. ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய உடம்பல்லவா அவருடையது?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் பேச்சிலிருந்து, இருநூறு ஆண்டுக் காலத்தில் வழங்கிய சொற்கள் அதில் இடம்பெற்றன. ஏறத்தாழ எழுபதாயிரம் பதிவுகள். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தெந்த மாவட்டத்தில் வழங்குகிறது, அங்கே எப்படி ஒலிக்கிறார்கள், என்ன பொருள், எந்த வாக்கியத்தில் வரும், மூலம் எது என்று வரிசையாகக் காணலாம். ஒலிப்பைக் காட்டுவதில்தான் பெரும்பாடு. ஆங்கில எழுத்து ஒன்று நாலு விதமாக ஒலிக்கும் என்பது நாம் பட்டறிந்ததே! எனவே ரைட் ஓர் ஒலிக்கு ஒரு குறி என்னும் முறையைக் கையாண்டார். அந்த ஊரை ஒருநாளும் பார்த்திராதவரும் குறியைக் கண்டு அச்சொல்லை அவ்வூரார் போலவே சொல்லிவிடலாம். ஒரு குட்டை ஈற்றில் கடைசியாய்ப் பிறந்த நோஞ்சான் பன்றிக்குட்டிக்கு ஓரூரில் 'ரெக்லிங்', மற்றோரூரில் 'டில்லிங்', வேறோரூரில் 'கேட்' என்று பெயர். பண்ணைக்காரிக்கு மட்டுமே தேவையான சொற்கள். ஆயினும் அரசவைச் சொற்களுக்குரிய அதே கவனம் அவற்றுக்கும் கிடைத்தது.

இந்த வேலையில் அவருக்கு வலக்கையாய் இருந்தவர் எலிசபெத் மேரி அம்மையார். ஒரு குருவானவரின் மகள், 1863-இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கென்று ஏற்பட்ட லேடி மார்கரெட் ஹாலில் படித்து, ரைட்டின் மாணவியானவர். பழைய வட ஆங்கிலத்தை ஆராய்ந்தவர். 1896-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அகராதிச் சீட்டுகளை வகைப்படுத்துவதில் அம்மையாரின் உழைப்பு பெரிது. பிற்காலத்தில் பழைய ஆங்கில இலக்கணம் முதலிய நூல்களில் கணவர் பெயருடன் அவர் பெயரும் முகப்பிலேயே அச்சாயிற்று. 1913-இல் நாட்டுப்புறப் பேச்சையும் வழக்கங்களையும் பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். அகராதியின் கடலிலிருந்து முத்தெடுத்துப் பொதுமக்களுக்குக் கோத்துக் கொடுத்த நூல் அது. இத்தனை புலமை இருந்தும், 1920-ஆம் ஆண்டு வரை ஆக்ஸ்போர்டு எந்தப் பெண்ணுக்கும் பட்டம் வழங்கியதில்லை. வகுப்பில் உட்காரலாம், தேர்வும் எழுதலாம். பட்டம் மட்டும் கிடையாது! இதைப் படிக்கையில் நமக்குச் சினம் வருகிறது.

அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இருவர்: ஒரு மகன், ஒரு மகள். இருவரும் சிறு வயதிலேயே இறந்தார்கள். அந்தத் துயரத்தை நாம் விரித்து எழுத விரும்பவில்லை. இருவரும் வேலையில் மூழ்கினார்கள். தங்கள் வீட்டை மாணவருக்குத் திறந்து வைத்தார்கள்.

அந்த வீட்டுக்கு ரைட் இட்ட பெயர் தாக்லி. பிறந்த ஊரை மறவாத மனம்! ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மாணவருக்கு யார்க்ஷயர் முறையில் வயிறு நிறையத் தேநீர் விருந்து நடக்கும். வீட்டில் ஜாக் என்று ஒரு நாய் இருந்தது. அத்தி மரத்துக்குக் காத்திக் மொழியில் வழங்கும் 'ஸ்மக்கபக்ம்ஸ்' என்னும் சொல்லைச் சொன்னால் அது நாக்கால் உதட்டை நக்கிக் காட்டும். மறைந்து பல நூற்றாண்டுகளான ஒரு மொழியின் சொல் ஒன்றை அறிந்த நாய் உலகில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்!

விருந்துக்கு வந்த மாணவருள் ஒருவர் டோல்கீன். பின்னாளில் மோதிரங்களின் தலைவன் என்னும் பெருங்கதையை எழுதிப் புகழ்பெற்றவர் அவரே. பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே ரைட்டின் காத்திக் நூலைப் படித்து மொழிமேல் காதல் கொண்டவர், ஆக்ஸ்போர்டில் அந்த ஆசிரியரிடமே வந்து சேர்ந்தார். பிழைப்புக்கு உதவும் என்று கெல்திக் மொழிகளைக் கற்கும்படி ரைட் அவருக்கு யோசனை சொன்னாராம். பஞ்சத்தில் அடிபட்டவரின் யோசனை அப்படித்தானே இருக்கும்? 1928-இல் யார்க்ஷயரின் ஹடர்ஸ்பீல்டு வட்டாரச் சொற்களைப் பற்றி வேறொருவர் ஒரு நூல் வெளியிட்டபோது முன்னுரை எழுதியவர் டோல்கீன். ஆசிரியரின் பற்று மாணவரிடமும் ஒட்டியிருந்தது.

பேராசிரியரான பின்னும் ரைட் தம் யார்க்ஷயர் ஒலிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. ஆக்ஸ்போர்டு மேசைகளில் அது எத்தனை பேர் காதில் விநோதமாக விழுந்திருக்கும்! அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அவருடைய தாயாரும் மகனுக்கு ஏற்றவரே. ஆக்ஸ்போர்டைக் காண வந்த அம்மையாருக்கு, கம்பீரமான ஆல் சோல்ஸ் கல்லூரியைக் காட்டினார்கள். இந்தக் கட்டடத்தில் கூட்டுறவுப் பண்டகசாலை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் வியந்தாராம். அரிசி பருப்புக் கணக்கிலேயே ஆயுளைக் கழித்த தாய்க்கு, அதைவிடப் பெரிய பாராட்டு வேறு என்ன தோன்றும்?

1925-இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற ரைட், 1930-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் காலமானார். நினைவு மங்கிய நிலையில் அவர் வாயில் கடைசியாக வந்த சொல் அகராதி என்பதே என்பார்கள். எலிசபெத் அம்மையார் கணவரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1932-இல் வெளியிட்டார். 1958-இல் தாமும் மறைந்தார்.

ரைட்டின் மாணவருள் ஹெரால்டு ஆர்ட்டன் என்பவர் ஒருவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தில் 313 ஊர்களுக்கு ஆள் அனுப்பி, முதியவர்களை உட்கார வைத்து, ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லையும் சொன்ன விதத்தையும் குறித்துக்கொண்டார்கள். சிலருடைய குரல் ஒலிநாடாவிலும் பதிவாயிற்று. ரைட்டின் ஆறு தொகுதிகளையும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தார் கணிப்பொறியில் ஏற்றியிருக்கிறார்கள். எந்த நாட்டு மாணவியும் வீட்டிலிருந்தே ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கலாம்.

நிலக்கரி அடுப்புகள் அணைந்துபோனதால் 'கொயில் ஒயில்' இன்று யார்க்ஷயர்ப் பிள்ளைகள் வாயில் அரிதாகிவிட்டது. ரைட் டாபராக ஓடிய சால்ட்டேர் ஆலை 1986-இல் இயந்திரங்களை நிறுத்திவிட்டது. அந்தக் கட்டடத்தில் ஓவியக் கூடமும் கடைகளும் இருக்கின்றன. 'நௌட்', 'ஔட்' என்பவற்றை மட்டும் அங்குள்ளோர் விடவில்லை. கடையில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டால் இரண்டில் ஒன்று காதில் விழும்.